கல்மேல் எழுத்தும் நீர்மேல் எழுத்தும்

ஏடு தொடக்கிய நாள் எனக்கு ஞாபகமில்லை. ஆயினும் அதைப்பற்றி என் அன்னையார் பன்முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். விஜயதசமியன்று, யாழ்ப்பாணத்திலே எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலே, தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியில், உபாத்தியாயர் ஒருவர் என் சுட்டுவிரலைப் பற்றி ‘அ’ என்று எழுதுவித்தாராம். எழுதி முடித்த கணமே நான் அரிசியை அளைந்து எழுத்தை அழித்துவிட்டேனாம். அன்னையார் பதறினாராம். உபாத்தியாயரோ, “அழிந்தால் என்ன, பிள்ளை? விரலிலே ஏறிவிட்டதல்லவா?” என்று சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பின் பொருளை நான் உணர்வதற்குச் சற்றேறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன. உணர்த்தியவர் தமிழரல்லர், தமிழ் என்றொரு மொழி உண்டென்பதையே என் வாயிலாக அறிந்துகொண்ட ஒரு சீன முதியவர். உணர்த்தியது ஒரே ஓர் எழுத்து.

2014ஆம் ஆண்டிலே புலமைப்பரிசில் ஒன்று பெற்று, செஜியாங் மாகாணத்தின் தலைநகராகிய ஹாங்சௌவிலே ஓராண்டு தங்கிப் பயிலும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கணிதம் படிப்பிக்கும் ஆசிரியனாகிய எனக்குச் சீனமொழியிலே பெரும் புலமை வேண்டியிருக்கவில்லை. கடைத்தெருவுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமான பேச்சு வந்துவிட்டது. எழுத்தோ அச்சுறுத்தியது. நம் மொழியிலே உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமும் சேர்த்து 247 எழுத்துக்கள். அவற்றையும் முப்பத்தொரு குறிகளின் கூட்டாகவே குழந்தை கற்றுக்கொள்கிறது. சீன அரசு 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலிலே 8105 எழுத்துக்கள் உள்ளன. அடிப்படைக் கல்விக்கு வேண்டியவை மட்டுமே 3500. இக்கணக்கைக் கண்டதும், ஆழங்காணாத கடலிலே இறங்குவானேன் என்று கரையிலேயே நின்றுவிட்டேன்.

ஏரிக்கரை எழுத்து

ஹாங்சௌவின் அழகெல்லாம் அங்குள்ள மேற்கு ஏரியிலே குடிகொண்டிருக்கிறது. விடியற்காலையிலே ஏரிக்கரை நெடுகிலும் முதியோர் கூடுவர். சிலர் உடற்பயிற்சி செய்வர், சிலர் பாடுவர், சிலர் கூண்டோடு பறவைகளைக் கொண்டுவந்து மரக்கிளையிலே தொங்கவிடுவர். இவர்களிடையே, ஆள் இடுப்பளவு உயரமான கழியின் நுனியிலே பஞ்சுத் தூரிகை பொருத்தி, அதை வாளித்தண்ணீரிலே தோய்த்து, நடைபாதைக் கற்களின்மீது எழுதுவோரும் உண்டு. ‘நிலத்தெழுத்து’ என்பது இதற்குப் பெயர். 1990களிலே சீன நகரப் பூங்காக்களெங்கும் பரவிய வழக்கம் இது.

அவர்களுள் ஒருவர் என் கவனத்தை ஈர்த்தார். மற்றையோர் நீண்ட கவிதைகளை வரிவரியாக எழுதிச் செல்ல, இவர் மட்டும் முதற் பத்து நிமிடமும் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார். பத்தாவது கல்லை அவர் அடையும்போது முதலாவது கல் காய்ந்துவிடும். மீண்டும் அங்கே போய் அதே எழுத்தை எழுதுவார். ஒரு வாரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாம் நாள், அவர் ஒன்றும் பேசாமல் கழியை என்னிடம் நீட்டினார்.

நான் எழுதினேன். அவர் குனிந்து பார்த்தார். விலா நோகச் சிரித்தார். “பனிக்கட்டி!” என்றார்.

நடந்தது இதுதான். அவர் எழுதிய எழுத்தின் உச்சியிலே ஒரு புள்ளி. அதன்கீழே சிறிய கிடைக்கோடு ஒன்று. நான் புள்ளியை உச்சியில் இடாமல் இடப்பக்கத்திலே இட்டு, கிடைக்கோட்டை விட்டுவிட்டேன். அவ்வாறு எழுதினால் அது பனிக்கட்டியைக் குறிக்கும் வேறோர் எழுத்தாகிவிடும். புள்ளியும் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். அவர் எழுதியதோ ‘யொங்’. அதன் பொருள் ‘என்றும்’, ‘நெடுங்காலம்’, ‘நித்தியம்’ என்பதாகும். நித்தியத்தைப் பனிக்கட்டியாக்கிய பெருமையோடு எனது சீன எழுத்துக்கல்வி தொடங்கிற்று. யாழ்ப்பாணத்து வெயிலிலே பனிக்கட்டியின் ஆயுள் எவ்வளவு என்பதை அறிந்தவனுக்கு அச்சிரிப்பிலே பங்குகொள்வது கடினமாக இருக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் உறவு நெருங்கிற்று. அன்று முதல் அவரை ‘லாவ்ஷி’ என்றே அழைத்தேன். ஆசானைக் குறிக்கும் மரியாதைச் சொல் அது.

ஓரெழுத்திலே எட்டு விதி

“பல எழுத்து வேண்டாம், இந்த ஒன்றை எழுதப் பழகினால் போதும், மற்றையவை தாமே வரும்” என்றார் லாவ்ஷி. சோம்பேறிக்குச் சொன்ன ஆறுதல் என்று நினைத்தேன். பின்னரே அது சீனரின் நெடுநாளைய போதனைமுறை என்று தெரிந்தது. ‘யொங் எழுத்தின் எட்டு விதிகள்’ என்று அதற்குப் பெயர். தூரிகையால் எழுதும் எழுத்துக்கலையின் அடிப்படை அசைவுகள் எட்டும் இவ்வொரே எழுத்திலே அடங்கியிருக்கின்றன என்பர்.

வாசகர் விரும்பினால் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். சதுரம் ஒன்று வரைக. அதன் நடுவே மேலும் கீழும் ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, மூலைக்கு மூலை இரு கோடுகள் இடுக. சீனக் குழந்தைகளின் எழுத்துப்பயிற்சிக் கட்டம் இதுவே. நெல்லரிசியைக் குறிக்கும் எழுத்தைப் போல இக்கோடுகள் தோன்றுவதால் ‘அரிசிக்கட்டம்’ என்று அதற்குப் பெயர். அரிசியிலே எழுத்துத் தொடங்கிய நமக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

இனி எழுதுக. உச்சியிலே வலப்புறம் சாய்ந்தாற்போல ஒரு புள்ளி. அதன்கீழே இடமிருந்து வலமாக ஒரு குறுங்கோடு. கையை எடாமலே திரும்பி நடுக்கோடு வழியே நேர் கீழே இறங்குக. அடியிலே இடப்புறம் மேல்நோக்கி ஒரு கொக்கி. அடுத்து இடப்பக்கத்திலே, சற்றே மேலேறும் சிறுகோடு. அங்கிருந்து கீழிடப்புறமாக ஒரு நீண்ட வீச்சு. பின்னர் வலப்பக்கம் மேலிருந்து நடுத்தண்டை நோக்கி ஒரு சிறு கீற்று. ஈற்றிலே, அந்தச் சந்திப்பிலிருந்து கீழ்வலப்புறமாக, போகப்போகத் தடித்து, முடிவிலே கூராகும் ஒரு நீள்கோடு. கையெடுப்புக் கணக்கிலே இவை ஐந்து; அசைவுக் கணக்கிலே எட்டு.

இந்த எட்டு அசைவுகளுக்கும் பழஞ்சீனர் இட்ட பெயர்கள் என்னை வியக்கவைத்தன. புள்ளிக்குச் ‘சாய்தல்’ என்று பெயர். கிடைக்கோடு ‘கடிவாளம் இழுத்தல்’: ஓடும் குதிரையை அடக்குவதுபோலத் தூரிகையைப் பிடித்திழுத்தே செல்லவேண்டும். இறங்குகோட்டுக்கு வில்லை வலிப்பவனின் முயற்சியை உணர்த்தும் பெயர். கொக்கி ‘தாவல்’. மேலேறும் சிறுகோடு ‘சவுக்கடி’. நீண்ட இடவீச்சு, கூந்தலைச் சீப்பு வாரிச் செல்வதுபோல ‘வாரிச்செல்லல்’. சிறு கீற்றுப் பறவையின் ‘கொத்தல்’. கடைசிக் கோடு ‘பிளத்தல்’. நாம் எழுத்தின் வடிவத்துக்குப் பெயரிடுவோம்: கொம்பு என்போம், சுழி என்போம், விசிறி என்போம். அவர்கள் எழுதும் கையின் செயலுக்குப் பெயரிட்டார்கள். காரணம் எளிது. எழுத்தாணி ஓலையைக் கீறும். ஆழமாகக் கீறினால் ஓலை கிழியும். அதனாலன்றோ நம் முன்னோர் ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது விட்டனர்! தூரிகையோ மயிராலானது, கை நடுங்கினால் நடுக்கத்தையும், அவசரப்பட்டால் அவசரத்தையும் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

சில மாதங்களின்பின் லாவ்ஷி என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். தூரிகை, மைக்கட்டி, கடதாசி, மைக்கல் ஆகிய நான்கையும் ‘படிப்பறையின் நான்கு செல்வங்கள்’ என்று சீனர் போற்றுவர். தூரிகை அண்டை நகரான ஹூசௌவிலே செய்த ஆட்டுமயிர்த் தூரிகை. மைக்கல்லிலே சில துளி நீர் விட்டு, மைக்கட்டியை மெதுவாக வட்டமிட்டு அரைக்கச் சொன்னார். கால்மணி நேரம் அரைத்தேன். “மை அரைப்பது மைக்காக மட்டுமன்று, மனம் அடங்குவதற்கும்” என்றார். நாள்தோறும் நூறு முறை யொங் எழுதினேன். மூன்றாம் மாதத்திலே ஒருநாள், நான் எழுதிய நூற்றிலே ஒன்றைச் செம்மையினால் வட்டமிட்டார். கணிதத்திலே பட்டம் பெற்றபோதும் நான் அவ்வளவு மகிழ்ந்ததில்லை.

நீண்டு செல்லும் ஆறு

கி.பி. 100ஆம் ஆண்டளவிலே ஷு ஷென் என்னும் அறிஞர் 9353 எழுத்துக்களை 540 பிரிவுகளாக வகுத்து அகராதி ஒன்று இயற்றினார். யொங் என்பது நீண்டு செல்லும் நீரோட்டத்தின் சித்திரம் என்பது அவர் கொண்ட பொருள். கிளைகளை ஏற்று, முடிவின்றிப் போய்க்கொண்டிருக்கும் ஆறே நித்தியத்துக்கு அடையாளமாயிற்று. எலும்புகளிலே பொறித்த மிகப் பழைய வடிவங்களை ஆராய்ந்த பிற்காலத்தார் சிலர், நீரிலே நீந்தும் மனிதனின் உருவம் அது என்று கருதுகின்றனர். எவ்வாறாயினும் தண்ணீரின்றி அவ்வெழுத்து இல்லை. அதனை இடவலமாக மாற்றி எழுதினால் ‘கிளைத்தல்’ என்னும் பொருள் தரும் பழைய வடிவம் பிறக்கும் என்றும் ஷு ஷென் காட்டியிருக்கிறார். 1956இலே சீன அரசு எழுத்துக்களை எளிமைப்படுத்தத் தொடங்கியபோது பல எழுத்துக்கள் உருமாறின, யொங் மாறவில்லை.

சீன எழுத்துக்கலையின் தலைசிறந்த படைப்பும் இவ்வெழுத்தைக் கொண்டே தொடங்குகிறது. கி.பி. 353ஆம் ஆண்டு வசந்தகாலத்திலே, இன்றைய ஷாவ்ஷிங் நகருக்கு அருகே லான்திங் என்னுமிடத்திலே, வாங் ஷிஜி என்னும் பெருங்கலைஞர் நண்பர் நாற்பதின்மர் வரையிலானோரைக் கூட்டினார். வளைந்தோடும் நீரோடையிலே மதுக்கிண்ணங்களை மிதக்கவிட்டு, கிண்ணம் எவர் முன்னே நிற்கிறதோ அவர் கவிதை சொல்லவேண்டும். இயலாதவர் மது அருந்தித் தோல்வியை ஒப்பவேண்டும் என்பது விளையாட்டு. அன்று பிறந்த கவிதைகளுக்கு வாங் ஷிஜி எழுதிய முன்னுரை 28 வரிகள், 324 எழுத்துக்கள். அக்காலத்து அரசயாண்டின் பெயரோடு அது தொடங்குகிறது. அப்பெயரின் முதலெழுத்து யொங்.

இந்த இன்பம் நில்லாது, நாமும் நில்லோம், பின்வருவோர் நம்மை நோக்குவது நாம் முன்னையோரை நோக்குவதுபோலவே இருக்கும் என்று ஏங்குவதே அம்முன்னுரையின் சாரம். நித்தியம் என்னும் எழுத்திலே தொடங்கி, அநித்தியத்தைப் பேசி முடிகிறது. அம்மூலப்பிரதியும் நிலைக்கவில்லை. தாங் வமிசத்துத் தைசோங் பேரரசர் அதன்மீது கொண்ட மோகத்தினால், 649இலே அவர் இறந்தபோது அவருடைய கல்லறையிலேயே அது வைக்கப்பட்டது என்பது மரபு. இன்று உலகம் போற்றுவன எல்லாம் பிரதிகளே.

வாங் ஷிஜியின் ஏழாந் தலைமுறையிலே பிறந்த ஒரு பௌத்த துறவி உண்டு. பெயர் ஜியொங், அப்பெயரிலும் இவ்வெழுத்து இருக்கிறது. ஆயிரம் எழுத்துக்களாலான பாடநூலை எண்ணூறு முறை எழுதி விகாரைகளுக்கு வழங்கினார் என்பர். தேய்ந்த தூரிகைகளைப் புதைத்து அவற்றுக்குச் சமாதி எழுப்பினார் என்பர். எட்டு விதிகளைப் பரப்பியவர்களுள் அவரையும் ஒருவராகக் கூறும் மரபு உண்டு. மூலம் கல்லறைக்குட் போனாலும் எழுத்துப் போகவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டேயிருந்தது.

எரிந்தவையும் காய்ந்தவையும்

ஒருநாள் லாவ்ஷியிடம் கேட்டேன்: “தங்களிடம் நல்ல மையும் கடதாசியும் இருக்க, தண்ணீரால் எழுதுவது ஏன்?”

அவர் உடனே விடை கூறவில்லை. தேநீர் வார்த்துத் தந்தபின், தமது பதினெட்டாம் வயதின் கதையைச் சொன்னார். ஆண்டு 1966. கலாசாரப் புரட்சி தொடங்கிய காலம். பழைமை என்று முத்திரையிடப்பட்ட யாவும் பகையாயின. அவர் தந்தையாரும் ஆசிரியர், நல்ல எழுத்தாளர். வீட்டிலே பழைய எழுத்துப்பிரதிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வேறொருவர் வந்து கண்டெடுப்பதற்கு முன்னர், தந்தையார் தம் கையாலேயே அவற்றை அடுப்பிலிட்டார். விறகுக்குப் பதிலாக அன்றிரவு கஞ்சி வெந்தது அவற்றாலேதான்.

“பகலிலே தூரிகை பிடித்துச் சுவரொட்டி எழுதினேன், எழுதும்படி சொன்னார்கள். இரவிலே முற்றத்துச் செங்கல்லின்மேல் தண்ணீரால் தந்தையார் எழுதிக்காட்டுவார். நான் பார்த்து எழுதுவேன். காய்ந்துவிட்டால் சான்று இல்லை. லான்திங் முன்னுரை முழுவதையும் அப்படித்தான் கற்றேன். அன்று பழகிய கை, இன்றும் காலையிலே தண்ணீரைத் தேடுகிறது.”

நான் 1981ஆம் ஆண்டைப்பற்றிச் சொன்னேன். அவ்வாண்டு மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது எனக்கு ஏழு வயது. ஏறக்குறைய 97,000 நூல்களும் மீண்டும் கிடையா ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, என் தகப்பனார் ஓரங் கருகிய ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். எந்த நூலின் தாள் என்று அறிய இயலவில்லை. நான்கு வரி மட்டும் மிஞ்சியிருந்தது. அந்நான்கு வரியையும் என்னைக்கொண்டு கொப்பியிலே பார்த்தெழுதுவித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

லாவ்ஷி எழுந்து, மைக்கல்லிலே புதிதாக நீர் விட்டார். அன்றைய பாடம் வழக்கத்தைவிட நீண்டது.

எழுதத் தெரிந்தவன், பயன்படுத்தத் தெரியாதவன்

எழுத்தை எழுதக் கற்பது ஒன்று; பிரயோகிக்கக் கற்பது வேறொன்று. யொங் என்பதோடு ‘தூரம்’ என்னும் எழுத்தைச் சேர்த்தால் ‘யொங்யுவான்’: என்றென்றும். நெடுங்காலத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் ‘யொங்ஜியு’: நிரந்தரம். ஷங்காய் நகரின் புகழ்பெற்ற துவிச்சக்கரவண்டி ஒன்றுக்கும் இதுவே பெயர். ‘இல்லை’ என்பதைச் சேர்த்தால் ‘ஒருபோதும் இல்லை’. கணித ஆசிரியனுக்கு இது கூட்டல் கணக்குப்போல இலகுவாகத் தோன்றிற்று. அந்த இலகுவே என்னை வீழ்த்தியது.

2015இலே நான் நாடு திரும்பும் நாள் வந்தது. லாவ்ஷிக்குச் செம்மையான ஒரு பிரியாவிடை எழுதிக்கொடுக்க எண்ணினேன். ‘பிரிதல்’ என்பதற்குரிய எழுத்தை அறிவேன். அதன்முன்னே நான் நன்கறிந்த யொங் எழுத்தை வைத்தேன். ‘பிரிந்தாலும் என்றும் மறவேன்’ என்ற கருத்து அதிலே தொனிக்கும் என்பது என் கற்பனை. நல்ல கடதாசியிலே, நல்ல மையால், இரண்டெழுத்தையும் பெரிதாக எழுதி, இரு கைகளாலும் கொடுத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். முகம் வாடிற்று. பின்னர், பிள்ளைகளின் தவற்றைக் காணும் ஆசிரியரின் முகமாக அது மாறிற்று.

“யொங் நன்றாக வந்திருக்கிறது” என்றார். “ஆனால் சொல் பிழை. ‘யொங்பியே’ என்பது இனிமேல் காணவே முடியாத பிரிவு. இறந்தவர்க்குச் சொல்வது. உயிரோடிருப்பவருக்கு எழுதிக் கொடுக்கலாமா?”

நான் நாணத்தாற் குறுகிப்போனேன். நம் ஊரிலே, வாசற்படி தாண்டும்போது “போகிறேன்” என்று சொல்லிவிட்டால் மூத்தோர் துடித்துப்போவார்கள். “போட்டு வாறன் எண்டு சொல்லு” என்று திருத்துவார்கள். அந்த ஊரிலே பிறந்த நான், அந்நிய மொழியிலே “போகிறேன்” என்பதிலும் கொடிய சொல்லை, தூரிகையாற் பெரிதாக எழுதி, ஆசானின் கையிலே கொடுத்திருக்கிறேன்! இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் மிகவும் மகிழ்ந்தார். “நாங்களும் அப்படித்தான், மீண்டும் காண்போம் என்றே சொல்வோம்” என்றார். என் கடதாசியை மடித்துத் தம் மேசை இழுப்பறைக்குள்ளே வைத்தார். “இச்சொல்லை இப்போது ஏற்கமாட்டேன். வேண்டிய காலத்திலே பயன்படட்டும்.”

காலிக் கல்லின் ஈற்றுவரி

நாடு திரும்பிய சில வாரங்களிலே கொழும்பு நூதனசாலைக்குப் போனேன். அங்கே இருக்கும் மும்மொழிக் கல்வெட்டை நாமனைவரும் பாடப்புத்தகத்திலே படித்திருக்கிறோம். மிங் வமிசத்துப் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்த கல் அது. ஏறத்தாழ நாலேமுக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம். உச்சியிலே இரு பறவைநாகங்கள். வலப்புறத்திலே சீனம், இடப்புறத்திலே மேலே தமிழ், கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தபெருமானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் சார்பிலே பேசுகிறது. மூவர்க்கும் பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கை. அக்கல்லைத் தந்த அதே படை, கோட்டைப் பகுதியின் ஆட்சியாளரோடு போர்செய்து, அவரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோயிற்று என்பதும் வரலாறே.

முன்னர் இருமுறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தமிழ்ப் பகுதியிலேதான் கண் சென்றது. சீனப் பகுதி வெறும் கீறலாகத் தோன்றிற்று. இம்முறை சீனப் பகுதியின் ஈற்றுவரிக்குக் கண்ணை ஓட்டினேன். அவ்வரி திகதியைத் தருவது. ‘யொங்லெ’ ஏழாம் ஆண்டு, இரண்டாம் மாதம். நம் கணக்கிலே அது 1409ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆம் திகதி. யொங்லெ என்றால் நித்தியமான மகிழ்ச்சி. அப்பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர். தேய்ந்த கல்லிலே அந்த வரியிலே யொங் நின்றது. சாய்தல், கடிவாளம், வில், தாவல் என்று என் விரல் காற்றிலே தானாக அசைந்தது. அருகிலே நின்ற காவலர், கல்லைத் தொடப்போகிறேன் என்றஞ்சி என்னை எச்சரித்தார்.

மூதுரையிலே ஔவையார், நல்லார்க்குச் செய்த உதவியைக் கல்மேல் எழுத்துக்கும், நெஞ்சிலே ஈரமில்லாதவர்க்குச் செய்ததை நீர்மேல் எழுத்துக்கும் ஒப்பிட்டார். கல் நிலைக்கும், நீர் நில்லாது என்பதே நாம் அறிந்தது. ஆனால் அக்கல்லின் கதையைப் பாருங்கள். அது போற்றிய தேவந்துறைப் பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இலே இடித்தழித்தனர். கல்லோ, எந்நாளிலோ பெயர்க்கப்பட்டு, காலி நகரிலே ஒரு மதகுக்கு மூடியாயிற்று. 1911இலே பொறியியலாளர் ஒருவர் கண்டெடுக்கும்வரை, நித்தியமான மகிழ்ச்சி முகங்குப்புறக் கிடந்தது. மேலே மாட்டுவண்டிகள் ஓடின. மறுபுறம், ஒரு செங்கல் முற்றத்திலே இரவோடிரவாகக் காய்ந்துபோன எழுத்து, தந்தையிடமிருந்து மகனுக்கும், அம்மகனிடமிருந்து எனக்கும் வந்து, இந்த விரலிலே இருக்கிறது. எழுத்து நிலைப்பது கல்லினாலன்று, கடதாசியினாலுமன்று, கற்பிப்பாரும் கற்பாரும் இருப்பதனாலேதான். ஆசிரிய நண்பர்கள் இதை என்னைவிட நன்கறிவார்கள்.

இன்று நான் கற்ற சீன எழுத்துக்கள் பல மறந்துபோயின. யொங் மறக்கவில்லை. கணித வகுப்பிலே முடிவிலியைப் படிப்பிக்கும் நாளிலே மட்டும், கரும்பலகையிலே அதை எழுதிக்காட்டுவேன். மாணவர் சிலர் புள்ளியை இடப்பக்கத்திலே இடுவர். “பனிக்கட்டி!” என்று நான் சிரிப்பேன்.

2021ஆம் ஆண்டு ஒரு காலையிலே, லாவ்ஷியின் மகளாரிடமிருந்து சில வரிகள் வந்தன. தந்தையார் அமைதியாகக் காலமானார் என்றும், மேசை இழுப்பறையிலே என் கடதாசி இருந்தது, அதை அவருடனேயே வைத்துவிட்டோம் என்றும் எழுதியிருந்தார்.

முற்றத்துச் சீமெந்து நிலத்தைப் பெருக்கினேன். வாளியிலே கிணற்றுநீர் அள்ளிவைத்து, அவர் தந்த ஆட்டுமயிர்த் தூரிகையைத் தோய்த்து, அந்த இரண்டு எழுத்தையும் எழுதினேன். உச்சி வெயில். இரண்டாவது எழுத்தை முடிக்குமுன்னரே முதலாவதின் புள்ளி காயத் தொடங்கிற்று. மீண்டும் புள்ளியிலிருந்து எழுதினேன். இம்முறை சொற் பிழை இல்லை.